வெள்ளிக்கிழமை மெயின் இறக்குகிறவனுக்கு

என் தம்பி இர்பானுக்கு, என் வாயாடிக்கு, நான் என்ன சொன்னாலும் "இல்ல ராத்தா" என்று தொடங்குகிறவனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆம்பிளைகள் மையவாடிக்குப் போய் உன் கபுரடியில், நீ அடங்கிக் கிடக்கிற மண்ணடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். எனக்கு அந்த வழி இல்லை. வீட்டிலிருந்து ஓதுகிறேன். ஓதி முடிந்த பிறகும் வாய் ஓய்வதில்லை, உன்னிடம் சொல்லவேண்டியது அவ்வளவு கிடக்கிறது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாலு பேர் வாசிக்கிற இடத்தில்தான் இதைப் போடப்போகிறேன். கூச்சப்படாதே. கனமூலையில் உன்னை எல்லாருக்கும் ஃபோன் திருத்துகிற இர்பானாகத்தான் தெரியும். ஜனாஸாவுக்கு வந்தவர்கள் முற்றத்தில் நின்று உன் கைராசியைப் பற்றிக் கதைத்தார்கள். தண்ணிக்குள் விழுந்த ஃபோனையும் எழுப்பிவிடுவான் என்றார்கள். கணினிக்கு சி மொழியில் நீ எழுதிய அலொகேட்டர் என்கிற புரோகிராமைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அப்படி ஒன்று இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்.

அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அது விழுந்துவிட்டது, தம்பி. நீ மவுத்தாகி நாலாம் நாள் விழுந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், உம்மாவைச் சுற்றிப் பொம்பிளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள், எனக்கு உலகமே நினைவில் இல்லை. கடையில் உன் பெட்டி சத்தமில்லாமல் நின்றுபோனது ஒருவருக்கும் தெரியாது.

ஒருவருக்குத் தெரியும். முந்தல் பக்கத்து ஜூட் அண்ணனுக்கு. அவருடைய இறால் குளங்களுக்காகத்தானே அந்தப் பெட்டியையே செய்தோம். குளத்தில் தொங்குகிற கருவி, தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்கு எழுதி அனுப்பும். கடையில் இருக்கிற பெட்டி அதை வாசித்து, அளவு குறைந்தால் அவருடைய ஃபோனை அலறவைக்கும். அவர் எழும்பி ஓடிப்போய் தண்ணீர் அடிக்கிற சக்கரங்களைப் போடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஃபோன் அலறவில்லை. அவர் தானாக விழித்துப் போனபோது ஒரு குளத்தின் இறால்கள் கரையோரம் வந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அன்றைக்குப் பத்து மணிபோல அவர் நம் வீட்டுக்கு வந்தார். கேட்டடியில் நின்றார். உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பிளேன்டீ குடித்தார், "வாறன் நங்கி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், தங்கச்சி என்னை நங்கி, தம்பி உன்னை மல்லி என்று சிங்களத்தில்தானே கூப்பிடுவார். இறாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துக்கம் விசாரிக்க இரண்டாம் தரமும் வந்திருக்கிறார், நல்ல மனிசன் என்றுதான் நான் நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விடியற்காலையும் தானே குளத்தடியில் போய் நின்றிருக்கிறார், என்னை ஒன்றும் கேட்காமல்.

அடுத்த வியாழக்கிழமைதான் கடைக்குப் போனேன். சாவியைத் திருப்பித் திறந்தேன். உன் கதிரையில் உன் சேர்ட் ஒன்று தொங்கியது, மேசையில் யாருடையதோ திறந்துபோட்ட ஃபோன் அப்படியே கிடந்தது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே உன் புரோகிராம் ஓடவில்லை. அது தானே எழுதிவைக்கிற குறிப்பேட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். மெமரியில் இடம் கிடைக்காதபோது எழுதுவதற்காக நீ வைத்திருந்த வரி அது: "ஃபுல். வேற கடை பாருங்க."

சிரித்துவிட்டேன். நீ மவுத்தான பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. பிறகு உன் கதிரையில் உட்கார்ந்து நல்லா அழுதேன். சிரிப்பும் அழுகையும் முடிந்த பிறகு பயம் பிடித்தது. கடைசியாக அந்தப் புரோகிராமில் கை வைத்தது நான்தான். ஜூட் அண்ணனின் இரண்டாவது குளத்தைச் சேர்த்தது நான். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன், தம்பி கட்டினதைத் தம்பி போன கையோடு விழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். பெட்டியை மறுபடி ஓடவிட்டேன், ஆனால் அந்த நினைப்பு போகவில்லை.

வாசிக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதுகிறவன் மெமரியில் தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும், வேலை முடிந்ததும் தானே திருப்பிக் கொடுக்கவேண்டும். மலொக் என்று கேட்பான், ஃப்ரீ என்று விடுவான். இடையில் நின்று யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்கிறதுதான் அலொகேட்டர். மொழியோடு வருகிற ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்க அதைத்தான் பாவிக்கிறார்கள். என் தம்பிக்கு அது போதாது. தானே எழுதினான்.

எத்தனை சண்டை பிடித்தோம், ஞாபகம் இருக்கா? நான் சொன்னேன், மெமரியை ஒரே அளவு பெட்டிகளாக முதலிலேயே வெட்டி வைப்போம், கேட்கிறவனுக்கு ஒவ்வொரு பெட்டியாகக் கொடுப்போம், திருப்பித் தந்தால் அப்படியே அடுத்தவனுக்குக் கொடுப்போம். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு எழுத்துச் செய்திக்கும் பெரிய பெட்டியா? வீண்விரயம் ராத்தா, மறுமையில கேள்வி வரும்" என்றாய். கேட்டவனுக்குக் கேட்ட அளவு, ஒரு துளி கூடாமல் குறையாமல் வெட்டிக் கொடுக்கவேண்டும் என்பது உன் கட்சி. சாமான் கட்டிக் கொடுக்கிற கடைக்காரன் மாதிரி நின்று வாதாடினாய்.

அந்த வெட்டுத் துண்டுகளில்தான் சிக்கல் இருந்தது. அதை எனக்கு விளங்கப்படுத்தினதே நீதான். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைக்கிறதுக்கு முன்னமே தொடங்கினாய்.

"ராத்தா, இண்டைக்குப் பள்ளியில ஃப்ராக்மென்டேஷன் பாத்தன்."

"என்னத்த?"

"குத்பா பிரசங்கம் நடக்குது. வாப்பாவும் நாலு மகனும் பிந்தி வாறாங்க. உள்ளுக்கு அஞ்சு பேருக்கு இடம் இரிக்கி. ஆனா தூணடியில ஒண்டு, ஃபேனுக்குக் கீழ ஒண்டு, சுவரோட ஒண்டு. சேந்து இருக்க இடமில்ல. அஞ்சு பேரும் வெளியில வெயிலுக்க இருந்தாங்க."

"கொஞ்சம் நகந்து இருங்க எண்டு சொல்றதுதானே."

"பள்ளியில சொல்லலாம். சி-யில சொல்லேலாது. ஒராளுக்கு இதுதான் உன்ட இடம் எண்டு எழுதிக் குடுத்தாச்சு எண்டா, பிறகு அவர அசைக்கேலாது. தேடி வாறவன் பழைய இடத்துக்குத்தான் வருவான்."

அன்றைக்கு நான் "சோறு ஆறுது, தின்னு" என்று சொல்லிவிட்டேன். இப்போது கடைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் உன் கதிரையைப் பார்த்துத்தான் முதலில் ஸலாம் சொல்கிறேன், என்னை அறியாமல் வாய் சொல்லிவிடுகிறது. நீ சொன்னது சரிதான்.

சரி, கதைக்கு வாறேன். யாருடைய பிழை என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால் நாம் எப்போதும் சொல்லிச் சொல்லிச் செய்யாமல் விட்டதைச் செய்தேன். மூன்று அலொகேட்டரையும் ஒரே தராசில் போட்டேன். மொழியோடு வந்தது, உன்னுடையது, நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரே அளவுப் பெட்டிகள். புரோகிராம் எப்போது எவ்வளவு இடம் கேட்டது, எப்போது திருப்பிக் கொடுத்தது என்று கிழமைக் கிழமையாக, ஏழு நாளுக்கு ஒன்றாக, நீ பதிந்து வைத்திருந்தாயே, அந்தப் பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு கிழமைக் கதையைக் கணினி கொஞ்ச நேரத்தில் ஓட்டி முடித்துவிடும். நீ நோயில் விழுந்த அந்தக் கடைசிக் கிழமைப் பதிவு மட்டும் இல்லை. பதிவைத் தொடங்குவது உன் கைவேலை, அந்த வெள்ளிக்கிழமை "உடம்பு ஒரு மாதிரி" என்று சொல்லிக்கொண்டு அதை மறந்துவிட்டு வந்துவிட்டாய்.

கோபப்படாதே, வேகத்தில் நீதான் கடைசி. கடைசி என்றால் நல்ல கடைசி. இடம் கேட்டால் உன்னுடையது தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறது, வீட்டு இலக்கம் தெரியாமல் கலியாண வீடு தேடுகிற மாதிரி. மொழியோடு வந்தது பறக்கிறது. என்னுடைய பெட்டிகள் அதையும் முந்திவிட்டன, தேடவே தேவையில்லையே, மேலே இருக்கிறதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

சிக்கனத்தில் நீதான் முதல். அதையும் சொல்லவேண்டும். மொழியோடு வந்தது நாள் போகப் போக மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டே போனது, எடுத்ததைத் திருப்பித் தர மனமில்லை. என்னுடையது நீ சொன்ன மாதிரியே வீண்விரயம், பெட்டிகளில் பாதி காற்று. நீ எடுத்த இடமோ கையளவுதான், அதற்குள்ளேயே எல்லாரையும் அடக்கிவிட்டாய். திரையைப் பார்த்துக்கொண்டு "மாஷா அல்லாஹ்டா" என்று சொல்லிவிட்டேன், நீ உயிரோடு இருந்த காலத்தில் அந்த வாயால் ஒருநாள் சொன்னேனா?

ஆனால் விழவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் போனது. ஒரு கிழமையை ஓட்டினேன், உன்னுடையது நின்றது. அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை, நீ வைத்திருந்த எல்லாக் கிழமையையும் ஒவ்வொன்றாக ஓட்டினேன். மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒவ்வொன்றையும் முடித்தது. நான் இரண்டாவது குளத்தைச் சேர்த்த கிழமையையும் முடித்தது. அப்படியென்றால் உன்னில் பிழையில்லை, நான் எங்கேயோ வேறு விதமாகக் கெடுத்திருக்கிறேன். என் வரிகளை மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். உம்மா வந்து பார்த்துவிட்டு, "உனக்கும் காய்ச்சல் வரப்போகுது" என்று ஏசிவிட்டுப் போனா.

அடுத்த வியாழக்கிழமை ஜூட் அண்ணன் கடைக்கு வந்தார். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார், அதுவும் நான் கேட்டுக் கேட்டு வாயைப் பிடுங்கின பிறகு. "என்ட பிழைதான் அண்ணன்" என்று சொன்னேன்.

"உங்கட பிழை எண்டு ஆரு சொன்ன?" என்றார். பிறகு ஃபோனை எடுத்து எனக்குக் காட்டினார். "நங்கி, இத மட்டும் எனக்கு விளங்கல்ல. மல்லிட இந்த மெசேஜ் எப்பவும் வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குத்தான் வாற. போன கிழமை வியாழன்ல வந்துச்சு. வெள்ளியில வரல்ல. ஏன்?"

பார்த்தேன். ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "வந்துட்டன்." மேலே தள்ளிக்கொண்டு போனேன். வந்துட்டன். வந்துட்டன். வந்துட்டன். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை. வருசக்கணக்காக ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார், அந்தப் புண்ணியவான். புரோகிராம் புதிதாகத் தொடங்கும்போது ஒரு தடவை அவருக்குச் சொல்லட்டும் என்று நீ எழுதிவிட்ட வரி. போன வியாழன் தொடக்கியது நான். அதற்கு முதல் வெள்ளிக்கிழமைகளில் தொடக்கியது யார்?

வாப்பாவின் வெள்ளிக்கிழமை வேலை, தம்பி. மன்னாரிலிருந்து வந்து ரேடியோ திருத்துகிற மேசை போட்ட காலத்திலிருந்து வாப்பா செய்த வேலை. கடலோரக் களப்புக் காற்றில் உப்பு வந்து எல்லா முனையிலும் வெள்ளையாகப் படியும் என்று, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்துவார், பெட்டரி வயரையும் கழற்றுவார், பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் எடுத்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். கடைக்குச் சாம்பிராணி பிடிப்பார், குளித்து ஜும்ஆவுக்குப் போவார். வந்துதான் மெயினைப் போடுவார். வாப்பாவுக்குப் பிறகு நீ. அந்த நேரத்தில் நான் வீட்டில் அடுப்படியில் நிற்பேன். நீ துடைக்கிறது தெரியும், மெயின் இறக்குகிறது தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

உன் அலொகேட்டர் ஒருநாளும் எட்டு நாள் ஓடியதே இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் நீ அதை நித்திரையாக்கி, முகம் கழுவி, எழுப்பிவிட்டிருக்கிறாய். எழும்பும்போது மெமரி முழுக்க வெறுமையாக, ஒரு துண்டாக இருந்திருக்கும். உன் பதிவுகளும் அப்படியே வெள்ளிப் பின்னேரம் தொடங்கி வெள்ளி முற்பகலில் முடிகிறவை. நானும் அதையே ஒவ்வொரு கிழமையாகத்தானே ஓட்டிப் பார்த்தேன்.

ஜூட் அண்ணனை இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கிழமைப் பதிவுகளை வாலும் தலையுமாக ஒட்டி நடுவில் நிறுத்தாமல் ஓட்டினேன். என் கை படாத காலத்துப் பதிவுகள். ஒன்பதாம் நாள் வந்தது. "ஃபுல். வேற கடை பாருங்க." வேறு இரண்டைச் சேர்த்து ஒட்டினேன். ஒன்பது, இல்லையென்றால் பத்து. அதைத் தாண்டவே இல்லை. நீ கடைசியாக மெயின் போட்ட வெள்ளியிலிருந்து எண்ணினால், இறால் தவித்த அந்த ஞாயிறு ஒன்பதாம் நாள். நடுவில் வந்த வெள்ளிக்கிழமை நீ கபுரில் இருந்தாய்.

பிழை என்னிடம் இல்லை என்று தெரிந்தபோது சந்தோசம் வரவேண்டும்தானே? வரவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. உன் வரிகளுக்குள் போய்ப் பார்த்தேன். இடம் திருப்பிக் கிடைக்கும்போது வலப்பக்கத்து வெறும் துண்டோடு சேர்க்கிறாய், இடப்பக்கத்தோடு சேர்க்கவில்லை. சின்னச் சின்ன வெறுமைகள் அப்படியே மிஞ்சி மிஞ்சிக் கடைசியில் பெரிய செய்தி ஒன்றுக்கு இடமில்லை. அதற்குப் பக்கத்திலேயே நீ ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய்: "கிழமைக்குத் தாங்கும்."

இதை நான் எப்படி எடுக்கிறது? உனக்குத் தெரிந்தே இருந்ததா? தெரிந்துதான் ஒவ்வொரு வெள்ளியும் பெட்டரி வயரையும் விடாமல் கழற்றினாயா? தெரிந்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை, "பாத்தியா, நான் அப்பவே சொன்னன்" என்று நான் ஒரு மாதம் சொல்லிக் காட்டுவேன் என்றா? சொல்லித்தான் காட்டியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்டா. இல்லை, ஒன்றும் தெரியாமல் சும்மா விளையாட்டுக்கு எழுதின வரியா? உன்னைப் பிடித்துக் கேட்க முடியாமல் இருக்கிறதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இடப்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தேன். உன்னுடையதை வீசிவிட மனமில்லாமல்தான் செய்தேன். இன்னும் சில நாள் கூட நின்றது, பிறகு அதுவும் விழுந்தது.

ஜூட் அண்ணனுக்கு இது ஒரு பெரிய விசயமாகவே படவில்லை. "வெள்ளிக்கிழமை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா சரிதானே நங்கி? மல்லி செஞ்சத நீங்க செய்யுங்க" என்றார். நான் உடனே ஓம் என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் ஓம் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது உன் பழைய சிம். நீ நம்பர் மாற்றின பிறகும் என் ஃபோனில் அது "தம்பி" என்றே கிடக்கிறது. "வந்துட்டன்" போகிற இடத்தில் என் நம்பரையும் சேர்த்துவிட்டேன்.

அடுத்த நாளே வெள்ளி. பதினொரு மணிக்கு மெயினை இறக்கினேன், உப்புத் துடைத்தேன், சாம்பிராணி பிடித்தேன். பள்ளியிலிருந்து குத்பாச் சத்தம் கேட்டது. இரண்டு மணிக்கு மெயினைப் போட்டேன். ஃபோன் அடித்தது. தம்பி. வந்துட்டன்.

அதைப் பிடித்துக்கொண்டு உன் கதிரையில் அசர் தொழுகை நேரம் வரைக்கும் இருந்தேன். அதற்கடுத்த கிழமை செவ்வாயிலிருந்தே வெள்ளிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே கடைக்கு ஓடினேன். உனக்குப் பிடித்த நெய்ச்சோறு ஆக்குகிற நாளில் எனக்கு இருந்த பரபரப்பு. மறுபடி வந்தாய். கிழமைக்கு ஒருதரம் நீ எனக்கு வந்துட்டன் என்று சொல்கிறாய், எனக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாவது வெள்ளி உம்மாவைப் புத்தளத்துக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் ஏறிப்போய் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாலாவி தாண்டின பிறகுதான் எனக்குத் திடுக்கென்றது. வெள்ளிக்கிழமை. பெட்டி. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விரலில் நாள் எண்ணினேன். ஏழுதான் ஆகியிருந்தது, இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் மறுபடி எண்ணினேன். உம்மாவை இரண்டு நாள் கூட வைத்திருந்தால்? எனக்கே காய்ச்சல் வந்திருந்தால்? ஜூட் அண்ணன் இப்போது என்னை நம்பி விடிய நித்திரை கொள்கிறார். அவருடைய குளம், மூன்று மாதத்துப் பாடு, நான் ஒரு வெள்ளிக்கிழமை மறக்காமல் இருப்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எதற்காக? எனக்கு ஒரு மெசேஜ் வரவேண்டும் என்பதற்காக.

பிழை என்று தெரிந்துகொண்டே நான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், தம்பி. அதை உனக்கு ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதமே. ஒரு மனிசன் இருக்கிற வரைக்கும்தான் ஓடும் என்கிற ஒன்றை இன்னொருவருடைய குளத்துக்குக் காவல் வைக்கக்கூடாது. மனிசர் மவுத்தாகிறார்களே.

போன செவ்வாய்க்கிழமை மாற்றினேன். உன் அலொகேட்டரைக் கழற்றிவிட்டு ஒரே அளவுப் பெட்டிகளைப் போட்டேன். வீண்விரயம்தான், மறுமையில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ வைத்திருந்த எல்லாக் கிழமைகளையும் ஒரே சங்கிலியாக ஒட்டி அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். முதல் நாள் எடுத்த இடத்துக்கு மேல் கடைசி நாளும் ஒன்றும் எடுக்கவில்லை. உப்புப் பிடிக்காமல் முனைகளுக்கெல்லாம் சிலிக்கன் பூசி மூடினேன். இனி அதை வெள்ளிக்கிழமை கழற்றத் தேவையில்லை. உன் குறிப்புகள், உன் பகிடி வரிகள் எதையும் தொடவில்லை. "ஃபுல்" கூட அப்படியே இருக்கிறது, இனிமேல் அதை எழுதவேண்டி வராது என்று நினைக்கிறேன்.

"வந்துட்டன்" வரியையும் அழிக்கவில்லை. அது தொடங்கும்போது மட்டும்தானே வரும். பெட்டியை ஓடவிட்டேன். ஃபோன் அடித்தது. தம்பி. வந்துட்டன். நிற்காத ஒன்று இனித் திரும்பத் தொடங்கப்போவதில்லை. கடைசித் தரம் என்று தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். நீ வீட்டுக்கு வந்தால் நான் முதலில் கேட்கிறதைப் பதிலாக அடித்து அனுப்பினேன். "சாப்பிட்டியா?"

போய்விட்டது. பெட்டி அதை வாங்கி ஓரிடம் கொடுத்தது, வாசித்தது, குளத்திலிருந்து வந்த கணக்கு இல்லை என்று கண்டு இடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியது. விளங்காத செய்தி வந்தால் எழுதச் சொல்லி என்றைக்கோ நீ வைத்த வரி, நான் அதுவரைக்கும் கண்டதில்லை: "யாரோ சும்மா கதைக்கிறாங்க."

ஓம்டா. சும்மாதான் கதைக்கிறேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குக் கடைக்குப் போவேன், உன் மேசையைத் துடைப்பேன், சாம்பிராணி பிடிப்பேன், உனக்கு யாஸீன் ஓதுவேன். இரண்டு மணிக்கு ஃபோனைப் பார்ப்பேன், அதை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் என் கை மெயினுக்குப் போகாது. இது உன் ராத்தா உனக்குத் தருகிற வாக்கு. எவ்வளவு ஆசை வந்தாலும் இறக்கமாட்டேன். நீ எழும்பத் தேவையில்லை, நிம்மதியாகப் படு.

சும்மா கதைக்கிற அந்த யாரோ,
உன் ராத்தா பஸ்ரியா
கனமூலை